தவிட்டுக்கு வாங்கியவன்

ஆம்பேவாடி, கராட் தாலுகா
4 ஆகஸ்ட் 1979

ஹௌசா மாவ்ஷிக்கு, கோண்டிபா உன் காலில் தலை வைத்து எழுதுவது. நானும் மாடுகளும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மில் ஆட்களுக்கு ஆக்கிப்போட்டே அதைத் தேய்த்துவிடாதே.

ஆபா போன பத்தாம் நாளே நீ பஸ் ஏறிவிட்டாய், அதனால் மிச்சத்தைச் சொல்கிறேன். ஆபாவின் பதின்மூன்றாம் நாள் சாப்பாடு குறைவில்லாமல் நடந்தது. பந்தி முடிந்து ஆட்கள் கை கழுவும்போது புணேயிலிருந்து நிலத்துக்காரர் மதுகர்ராவ் வந்து இறங்கினார். துக்கம் கேட்டார், வெற்றிலை போட்டார், அப்புறம் வரப்பில் நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

"ராவ்ஜி நல்ல குத்தகைக்காரர். பாவம், பிள்ளை இல்லாமப் போய்ச் சேர்ந்துட்டார். இந்த வெள்ளாமை முடிஞ்சதும் நிலத்தை ஒப்படைச்சிடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நான் யாரு?" என்றேன்.

"நீயா? நீ தவிட்டுக்கு வாங்கின பிள்ளைப்பா."

விஷயம் உனக்கு ஓரளவு தெரியும். ஊரில் எல்லாக் குத்தகைக்காரர்களும் சட்டப்படி நிலத்தைத் தங்கள் பெயருக்கு வாங்கி இருபது வருஷம் ஆகிறது. நம் நிலத்தின் சொந்தக்காரி விதவை என்பதால் அந்தப் புணேக்காரம்மாள் இருக்கும்வரை நம்மால் முடியவில்லை. போன வருஷம் அவள் போனாள். ஆபா மனுப் போட்டார். மனு நடக்கும்போதே ஆபாவும் போய்விட்டார். இனி வாரிசாக நான்தான் வாங்க வேண்டும். வாரிசு இல்லை என்று தாசில்தார் எழுதிவிட்டால் ஆற்றங்கரை நாலு ஏக்கரும் மதுகர்ராவுக்கு. நான் கூலிக்கு மண்வெட்டி தூக்க வேண்டியதுதான்.

பயப்படாதே, நான் பயப்படவில்லை. நிம்பாள்கர் வக்கீலைப் பிடித்துவிட்டேன். "பெத்தவ தன் கையால குடுத்தா, வளத்தவங்க கையால வாங்கினாங்க, இதைச் சொல்ல ஆள் இருந்தாப் போதும். உங்க ஜாதிக்கு ஹோமம் கீமம் எல்லாம் வேண்டாம்" என்கிறார். வளர்த்த ஆயி போய் ஆறு வருஷம். ஆபாவும் இல்லை. அதைச் சொல்ல இருப்பவள் நீ ஒருத்திதான். நீ பெற்றாய், உன் அக்கா வளர்த்தாள், அதனால் அவள் எனக்கு அம்மா, நீ சித்தி என்பது ஊரறிந்த சேதி. வந்து ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுப் போ.

கார்வே கிராமத்துப் பெண் வீட்டாரும் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். எப்போது வருகிறாய் என்று எழுது.

கோண்டிபா

*

லால்பாக், பம்பாய்
21 ஆகஸ்ட் 1979

சிரஞ்சீவி கோண்டிபாவுக்கு மாவ்ஷியின் ஆசிர்வாதம். கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது.

இங்கே மழை கொட்டுகிறது. சாக்கடை பொங்கி அடுப்படி வரை வந்தது. மூன்று செங்கல்லை அடுக்கி அதன்மேல் ஸ்டவ்வை வைத்து வேளை தவறாமல் பாக்ரி ரொட்டி போட்டேன். சாப்பிட வருகிற ரத்னகிரிக்காரன் ஒருத்தன், "மாவ்ஷி, மீன் தானா வீட்டுக்கு வருது, இன்னிக்காவது போடுங்க" என்றான். "தண்ணியில இறங்கிப் பிடிச்சுட்டு வா, போடறேன்" என்றேன். கணபதி பண்டிகை வருகிறது, பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். எனக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

செவலைக் காளைக்குக் கொம்பில் எண்ணெய் போடுகிறாயா? ஆபா இருந்தவரை மறந்ததில்லை. மஞ்சள் பாத்தியில் தண்ணீர் நிற்க விடாதே. ராத்திரி தனியாக இருக்கிறோம் என்று பட்டினியாகப் படுக்காதே. அந்தப் பெண் நிறம் கொஞ்சம் கம்மி என்று யாரோ சொன்னார்களாம், நீ தலையை ஆட்டினாயாம். கண்ணாடியில் உன் மூஞ்சியைப் பார்த்திருக்கிறாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாவ்ஷி

*

ஆம்பேவாடி
2 செப்டம்பர் 1979

மாவ்ஷிக்கு நமஸ்காரம். நான் சுகம். சாக்கடையைப் பற்றி எழுதினாய், மீனைப் பற்றி எழுதினாய், என் மூஞ்சியைப் பற்றிக்கூட எழுதினாய். வருகிறாயா இல்லையா என்பதை மட்டும் காணோம். பரவாயில்லை, மழையில் மறந்திருப்பாய்.

மதுகர்ராவ் என்ன சொல்கிறார் என்று கேள். உனக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவது நான். சாவின் கண்ணை மறைக்க, ஒரு முறம் தவிட்டுக்கு என்னை அக்காவுக்கு விற்ற மாதிரி பாவனை செய்தாய். கோண்டிபா என்றால் தவிட்டான், பேரே சாட்சி என்கிறார். அது வெறும் சாங்கியம், தத்து இல்லையாம். பெரியம்மா வீட்டில் வளர்ந்த பையன் எப்படிக் குத்தகைக்காரனின் வாரிசு ஆவான் என்று கேட்கிறார்.

இதில் வேடிக்கை, அவரே தத்துப் பிள்ளைதான்! புணேக்காரம்மாள் தன் கொழுந்தன் மகனைத் தத்தெடுத்தாள், அவர்தான் இவர். "எனக்கு அக்னி வளத்தாங்க, மந்திரம் சொன்னாங்க, ஊருக்கெல்லாம் பேடா குடுத்தாங்க. உனக்கு என்ன பண்ணாங்க, தவிடு அளந்தாங்க" என்று தாசில்தார் ஆபீஸ் வாசலில் வைத்து எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. வக்கீல் கையைப் பிடித்துக்கொண்டார்.

வக்கீல் சொல்வது இதுதான். தவிடு வாங்கிய அன்றைக்கே நிஜமாகத்தான் கொடுத்தேன், தத்தாகத்தான் கொடுத்தேன் என்று நீ சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நீ ஒரு தடவை வாயைத் திறந்தால் அந்த ஆள் புணே போய்த்தான் திரும்பிப் பார்ப்பார்.

உடனே பதில் போடு.

கோண்டிபா

*

ஆம்பேவாடி
9 நவம்பர் 1979

மாவ்ஷிக்கு,

கணபதி வந்து போனார். தீபாவளியும் போயிற்று. உன்னிடமிருந்து ஒரு கார்டு இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் யாரையாவது விட்டு எழுதச் சொல். ஒன்றுமில்லை என்றால் அதையாவது எழுது.

நேற்று மதுகர்ராவின் ஆட்கள் சங்கிலி போட்டு நிலத்தை அளக்க வந்தார்கள். நான் மாட்டை ஏரில் பூட்டி அவர்கள் நடுவே ஓட்டினேன். சங்கிலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஊரே சிரித்தது. ஆனால் மாவ்ஷி, தினமும் இப்படி ஏர் ஓட்ட முடியாது. விசாரணை ஜனவரியில்.

ஊரான் பிள்ளைக்கெல்லாம் தட்டில் பாக்ரி போடுகிறாய். எனக்கு ஒரு வரி போடக் கை வரவில்லையா?

கோண்டிபா

*

லால்பாக், பம்பாய்
24 நவம்பர் 1979

சிரஞ்சீவி கோண்டிபாவுக்கு ஆசிர்வாதம். எனக்கு ஒரு நோயும் இல்லை. எழுதாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

மதுகர்ராவ் இங்கே வந்தார், தெரியுமா? மத்தியானப் பந்தி நேரம். மில் ஆட்களோடு பலகையில் உட்கார்ந்து இரண்டு பாக்ரியும் கத்தரிக்காயும் சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார், அதைச் சொல்ல வேண்டும். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, உங்களை யாரும் பொய் சொல்லச் சொல்லல. நடந்தது சாங்கியம்தானே? அதைச் சொன்னாப் போதும். தத்து இல்லேன்னா அவன் யார் பிள்ளை? உங்க பிள்ளை. உங்ககிட்டயே வந்துடுவான். இந்த வயசுல ஒரு துணை வேண்டாமா?"

கோண்டிபா, அந்த வார்த்தை என் மார்புக்குள்ளே இறங்கியது. உனக்குப் பதில் போடாததற்கு அதுதான் காரணம். ஒரு மாதத்துக்கு மேல் வேறொன்றும் நினைக்க முடியவில்லை.

அவரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "உங்களைப் பெத்தவங்க இருக்காங்களா?"

"இருக்காங்க, மிரஜ்ல."

"என்னன்னு கூப்பிடுவீங்க?"

தட்டைத் தள்ளி வைத்தார். "சித்தின்னு" என்றார். அப்புறம் கை கழுவிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது உன் விஷயம். வருகிறேன். ஆனால் உன் வக்கீல் சொல்லிக்கொடுப்பதைச் சொல்ல மாட்டேன். தவிடு வாங்கிய அன்றைக்கு நான் உன்னைக் கொடுக்கவில்லை. அது பாவனைதான். மதுகர்ராவ் சொல்வது உண்மை. நடந்தது என்னவோ அதைத்தான் சொல்வேன்.

காளைக்கு எண்ணெய் போட்டாயா என்று நீயும்தான் எழுதவில்லை.

மாவ்ஷி

*

ஆம்பேவாடி
3 டிசம்பர் 1979

மாவ்ஷிக்கு,

உன் கடிதத்தை வக்கீலிடம் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்தம்மா வரவே வேண்டாம். வந்தா உன்னைக் குழியில தள்ளி மண்ணையும் மூடிட்டுப் போயிடுவாங்க" என்றார்.

நீ கொடுக்கவில்லை என்றால் நான் இத்தனை வருஷம் யார் வீட்டில் இருந்தேன்? ஆயி சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பிள்ளை, என் பிள்ளை" என்றாளே, அது என்ன? ஆபாவுக்குக் கொள்ளி வைத்தேனே, அது யார் வைத்தது?

உன் துணைக்கு நான் வேண்டும் என்றால் நேராகக் கேட்டிருக்கலாம். ஆபாவின் நிலத்தைக் கொடுத்து அதை வாங்க வேண்டியதில்லை.

நீ வர வேண்டாம். சாட்சிப் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்தாயிற்று. நான் குழந்தையாக இருந்தபோது வீட்டு வாசலில் வெல்லம் கொடுத்தார்கள் என்று சொல்ல எதிர்வீட்டுப் பெரியவர் தாது இருக்கிறார். அது போதும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

கோண்டிபா

*

லால்பாக், பம்பாய்
15 டிசம்பர் 1979

கோண்டிபாவுக்கு ஆசிர்வாதம்.

நீ பெயரை எடுத்தால் என்ன, மதுகர்ராவ் சேர்த்துவிட்டார். அவர் பக்கத்துச் சாட்சியாக எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. பஸ் டிக்கெட்டும் அவர் செலவு.

என்னிடம் என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. கேட்டாலும் எழுத மாட்டேன். அஞ்சிரா அக்காவுக்கும் எனக்கும் நடுவில் இருந்த விஷயம் அது. ஒரு தடவை சொல்லத்தான் எனக்குத் தெம்பு இருக்கிறது. அதைச் செல்லுகிற இடத்தில் சொல்கிறேன். நீ வயலைப் பார்.

குளிருக்கு ஒரு போர்வை பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் அதை மாட்டுக்குப் போர்த்திவிடாதே.

மாவ்ஷி

*

கராட் பஸ் ஸ்டாண்ட்
23 ஜனவரி 1980

சிரஞ்சீவி கோண்டிபாவுக்கு மாவ்ஷி ஆசிர்வாதம்.

பம்பாய் பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ ஆபீசுக்கு வரவில்லை. வாய்க்கால் தண்ணீர் முறை இன்று உனக்கு என்று வக்கீல் சொன்னார். முறையை விட்டால் கரும்பு காயும், போனது சரிதான். வேறு காரணமும் இருந்தது, அதுவும் எனக்குத் தெரியும்.

மதுகர்ராவின் வக்கீல் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"உங்களுக்கு முதல் ரெண்டு குழந்தையும் தங்கலையா?"

"தங்கல."

"இவன் பிறந்ததும் உங்க அக்கா ஒரு முறம் தவிடு குடுத்து வாங்கினாங்க?"

"ஆமா."

"சாவை ஏமாத்தறதுக்காக. நிஜமாக் குடுக்கல?"

"குடுக்கல."

அவர் தாசில்தாரைப் பார்த்துச் சிரித்தார். நிம்பாள்கர் வக்கீல் ஃபைலை மூடிவிட்டார். "போதும்மா, நீங்க போகலாம்" என்றார்கள். நான் போகவில்லை.

"தவிட்டை வாங்கின நாளைக் கேட்டீங்க. திருப்பிக் கொண்டுபோன நாளை ஒருத்தரும் கேக்கலையே?" என்றேன்.

தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லுங்கம்மா."

அங்கே சொன்னதைத்தான் உனக்கும் எழுதுகிறேன். சாங்கியப்படி ஒரு வருஷம் நீ அக்கா வீட்டில் இருக்க வேண்டும். நான் அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி. கூலிக்கு வருகிற செவிலித்தாய் மாதிரி வந்து உனக்குப் பால் கொடுத்துவிட்டுப் போவேன். மகனே என்று கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் சாவுக்குக் காது கேட்டுவிடும் என்பார்கள். நானும் கூப்பிடவில்லை. வருஷம் திரும்பியதும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து உன்னை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டு மண்சுவர் இடிந்தது. உன்னைப் பெற்ற தகப்பன் அதன் அடியிலேயே போனார். உனக்காக நான் தொட்டில் கட்டி வைத்திருந்த மூலையும் அதே சுவர்தான்.

வருஷம் திரும்பியது. முறத்தில் தவிடு எடுத்துக்கொண்டு போனேன். அஞ்சிரா உன்னைக் குளிப்பாட்டி, மை வைத்து, என் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு மாவு பிசைய உள்ளே போய்விட்டாள். ராவ்ஜி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்றார். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தெருமுனை வரை போனேன். அங்கே நின்றேன். அந்த இடிந்த வீட்டில் எனக்கு யார் யார் போனார்களோ எல்லாரும் நினைவுக்கு வந்தார்கள். நீ மட்டும் அங்கே இல்லாததால்தான் என் தோளில் இருந்தாய்.

திரும்பி வந்தேன். அக்காவை வெளியே கூப்பிட்டு உட்காரச் சொல்லி, அவள் மடியில் உன்னை வைத்தேன். ராவ்ஜியின் கையை எடுத்து உன் தலைமேல் வைத்தேன். "இது தவிட்டுக்கு இல்ல அக்கா. சாவுக்குப் பயந்து பண்ற பாவனையும் இல்ல. இவன் உங்க பிள்ளை. நான் திரும்பக் கேக்க மாட்டேன்" என்றேன். அஞ்சிரா மாவுக் கையோடு உன்னைக் கட்டிக்கொண்டாள். ராவ்ஜி கடைக்கு ஓடி வெல்லம் வாங்கி வந்து தெருவெல்லாம் கொடுத்தார். உன் எதிர்வீட்டு தாது தின்றது அந்த வெல்லம்தான். பிறந்தநாள் வெல்லம் என்று நினைத்திருக்கிறார், பாவம். மறுநாள் நான் பம்பாய் பஸ் ஏறினேன்.

அந்த வக்கீல் விடவில்லை. "நிலம் கிடைக்கணும்னு இப்ப ஜோடிச்ச கதை இது. பெத்த பிள்ளையை என் பிள்ளை இல்லேன்னு சத்தியமாச் சொல்லுவீங்களா?" என்றார்.

மதுகர்ராவ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பெத்தேன். அவன் அஞ்சிராவோட பிள்ளை" என்றேன். "நான் மெஸ் நடத்தறவ ஐயா. அடுத்தவங்க தட்டுல வச்சதைத் திரும்ப எடுக்கறது எனக்குப் பழக்கமில்ல."

குமாஸ்தா என்ன உறவு என்று எழுதுவது எனக் கேட்டான். மாவ்ஷி என்று எழுதச் சொல்லிக் கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டேன்.

படியில் மதுகர்ராவ் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திரும்பிப் போகிற டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

ஊருக்கு வராமல் போகிறேன் என்று கோபப்படாதே. அந்தத் தெருமுனையை இன்றைக்குப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பஸ் வந்துவிட்டது.

மாவ்ஷி

*

ஆம்பேவாடி
20 பிப்ரவரி 1980

ஆயிக்கு,

கோண்டிபா உன் காலில் விழுந்து எழுதுவது.

உத்தரவு வந்துவிட்டது. பெற்றவள் விதவையாக, முழு மனதோடு, தன் கையால் கொடுத்தாள், வளர்த்தவர்கள் வாங்கினார்கள், தத்து செல்லும் என்று தாசில்தார் எழுதியிருக்கிறார். ராவ்ஜி ஷெலாரின் மகன் நான். விலையை அரசாங்கம் தீர்மானிக்கும், தவணையில் கட்டலாம். நிலம் நம்முடையது. நிம்பாள்கர் வக்கீல், "என் சர்வீஸ்ல எதிராளி டிக்கெட் எடுத்துக் குடுத்து நம்ம கேஸை ஜெயிச்சது இதுதான் முதல் தடவை" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். மதுகர்ராவ் மேலே அப்பீலுக்குப் போகப்போவதில்லை என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்.

நீ சாட்சி சொன்ன நேரத்தில் நான் மடையைத் திறந்து விட்டுக்கொண்டு உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். என்னென்ன திட்டினேன் என்று எழுத மாட்டேன். உன் கடிதம் வந்த அன்றைக்கு அந்தத் தெருமுனைக்குப் போய் நின்றேன். எத்தனை தடவை மாடு ஓட்டிக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டியிருக்கிறேன். இப்போது அங்கே ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. கடைக்காரன், "காத்தடிக்கணுமா?" என்று கேட்டான்.

இனி உன்னை மாவ்ஷி என்று எழுதக் கை ஓடவில்லை. மெஸ்ஸை மூடிவிட்டு வந்துவிடு, ஆயி. அடுப்பு ஒன்று, ஆள் இரண்டு பேர். நான் இருக்கிறேன், நிலம் இருக்கிறது, உனக்கு என்ன குறை?

உன் மகன்
கோண்டிபா

*

லால்பாக், பம்பாய்
2 மார்ச் 1980

சிரஞ்சீவி கோண்டிபா ராவ்ஜி ஷெலாருக்கு மாவ்ஷியின் அநேக ஆசிர்வாதம். நிலம் கிடைத்தது கேட்டு வயிறு குளிர்ந்தது. ராவ்ஜி இருந்திருந்தால் மறுபடியும் தெருவுக்கே வெல்லம் கொடுத்திருப்பார்.

உன் கடிதத்தின் முதல் வார்த்தையைப் படித்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? பருப்பு அடிபிடித்துப் போயிற்று. ரத்னகிரிக்காரன், "மாவ்ஷி, இன்னிக்குப் பருப்புல புகை நாத்தம்" என்றான். "இன்னிக்கு அப்படித்தான், பேசாமச் சாப்பிடு" என்றேன். எல்லாரும் பேசாமல் சாப்பிட்டார்கள்.

மெஸ்ஸை மூட மாட்டேன். இத்தனை பேரைப் பட்டினி போட்டுவிட்டு உன் ஒருத்தன் வயிற்றைப் பார்க்க வருவேனா? ஆனால் பாட்வா வருஷப்பிறப்புக்கு வருகிறேன். கார்வேக்காரர்களை அன்றைக்கு வரச் சொல். பெண்ணை நான் பார்க்க வேண்டும். நிறத்தைப் பற்றி நீ மூச்சு விடக் கூடாது. தெருமுனையில் சைக்கிள் கடை வந்துவிட்டது என்றாய், அப்படியானால் என்னால் தாண்ட முடியும்.

பெண் வீட்டார் நான் யார் என்று கேட்பார்கள். மாவ்ஷி என்று சொல். தாசில்தார் முன்னால் சத்தியம் செய்து சொல்லி வந்ததை ஒரே மாதத்தில் நீ பொய்யாக்கப் பார்க்கிறாயே. நீ அவள் பிள்ளை என்பதால்தான் அந்த மண் உன் கைக்கு வந்தது. அவள் போய்விட்டாள் என்பதற்காக அவள் பெயரை எடுத்து எனக்கு வைப்பாயா? அவள் கேட்க முடியாத இடத்தில் இருக்கிறாள், அதனால் நான் கேட்கிறேன்.

நீ எழுதிய கடிதத்தை நான் கிழிக்கவில்லை. திருப்பி அனுப்பவும் மாட்டேன். எனக்கென்று வைத்துக்கொண்டேன். எனக்கு அந்த ஒன்று போதும். அடுத்ததைச் சரியாக எழுது.

உன் மாவ்ஷி
ஹௌசா